மூளையும் முதுமையும் – 14: துணைக்கலங்களில் திரளும் புரதம்

மூளையில் செய்தி கடத்தும் நரம்புக்கலங்களோடு அவற்றுக்கு ஊட்டம் கொடுத்து, உறை போர்த்தி, கழிவை அகற்றும் துணைக்கலங்களும் இருக்கின்றன. கிளியா என்பது அவற்றின் பொதுப்பெயர். ஒரு நரம்புக்கலத்துக்குப் பத்துத் துணைக்கலங்கள் என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. அது எங்கிருந்து வந்த கணக்கு என்று பெரும்பாலோர் கேட்கவில்லை. 2009 இல் பிரேசில் ஆய்வாளர்கள் மூளை இழையத்தைக் கரைத்துக் கலக்கருக்களை எண்ணினார்கள். நரம்புக்கலங்கள் ஏறத்தாழ 8,600 கோடி. மற்றவை எல்லாவற்றையும் கூட்டினாலும் கிட்டத்தட்ட அதே தொகைதான் வந்தது.

இத்துணைக்கலங்களில் முக்கியமானவை மூன்று. அஸ்ட்ரோசைட் எனப்படும் நட்சத்திரக் கலம் தன் கிளைகளில் சிலவற்றால் இரத்தக் குழாயைத் தழுவி, மற்றவற்றால் நரம்புக்கலங்கள் சந்திக்கும் இடங்களைச் சூழ்ந்திருக்கும். ஒலிகோடென்ட்ரோசைட் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் உறையை உண்டாக்குகிறது. ஒரே கலம் பல பத்து இழைகளுக்கு உறை தருவதுண்டு. மூன்றாவதான மைக்ரோகிளியா மூளையின் காவற்கலம். முதுமையில் வரும் மூளைச்சிதைவு நோய்களில் தவறாக மடிந்த புரதம் நரம்புக்கலத்துள் திரள்வதை முந்தைய பகுதிகள் விவரித்தன. அதே புரதம் துணைக்கலங்களுக்குள்ளும் திரளும். சில நோய்களில் முதன்மையாக அங்கேதான் திரளும். மூளைச்சிதைவு நோய்களின் ஆய்வு தொடங்கி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்ற பிறகே இது தெளிவாயிற்று. அந்தத் தாமதத்துக்குக் காரணம் கோட்பாட்டுக் குறைபாடு என்று சொல்வதுண்டு. பெரும்பங்கு உண்மையில் சாயத்தினுடையது. துணைக்கலத்துப் படிவைக் காட்டும் சாயம் கைக்கு வரும்வரை, பார்த்தவர்களுக்கும் அது தெரியவில்லை.

ஜேர்மனிய நோயியலாளர் ருடோல்ஃப் ஃபிர்ஷோ 1846 இல் மூளையின் இணைப்புப் பொருளை விவரித்து, 1856 இல் அதற்குப் பெயர் சூட்டினார். நரம்புக் கூறுகளைச் சேர்த்துப் பிடிக்கும் நிரப்புப் பொருள் என்பதே அவர் கொண்ட கருத்து. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் பயிற்றிக்கொண்டிருந்த காலமும் அதுவே. அப்போது பயின்ற ஒரு மாணவருக்கு மூளை என்பது வெண்பொருளும் சாம்பல் பொருளும்தான். கலங்களின் வகைபிரிப்பு பெர்லினிலும் இன்னும் தொடங்கவில்லை.

1873 இல் இத்தாலியரான கமிலோ கொல்கி வெள்ளி உப்பால் கலங்களைக் கறுப்பாகக் காட்டும் முறையைக் கண்டார். நட்சத்திரக் கலத்துக்கு அஸ்ட்ரோசைட் என்ற பெயரைத் தந்தவர் ஹங்கேரியரான மிஹாய் லென்ஹோஷேக், ஆண்டு 1893. ஸ்பெயினில் சந்தியாகோ ரமோன் இ கஹால் தங்க உப்பைப் பயன்படுத்தி நட்சத்திரக் கலங்களைத் துல்லியமாக வரைந்தார். ஆனால் நரம்புக்கலமும் அல்லாத, நட்சத்திரக் கலமும் அல்லாத ஒரு கூட்டம் அவருடைய சாயத்தில் கிளையில்லாத உருண்டைகளாகவே தெரிந்தது. அவருடைய ஆய்வுகூடத்தில் பணியாற்றிய பியோ டெல் ரியோ ஓர்தேகா வெள்ளிக் காபனேற்று முறையை உருவாக்கி, அந்த உருண்டைகள் இரு வேறு கலவகைகள் என்று காட்டினார். 1919 இல் மைக்ரோகிளியா; 1921 இல் ஒலிகோடென்ட்ரோசைட். இரண்டுக்கும் இடைப்பட்ட 1920 இல் கஹால் அவரை ஆய்வுகூடத்திலிருந்து வெளியேற்றியிருந்தார். குருவின் கண்ணில் படாததைச் சீடன் கண்டால் நேரும் சங்கடம் அறிவியலிலும் உண்டு.

நோயுற்ற மூளையில் துணைக்கலம் மாறுவதை முதலிற் பதிந்தவர்களுள் அலோய்ஸ் அல்சைமரும் ஒருவர். 1906 இல் இறந்த ஔகுஸ்தே டேட்டர் என்ற பெண்ணின் மூளையைப் பில்ஷோவ்ஸ்கியின் வெள்ளிச் சாயத்தில் ஆராய்ந்து அவர் எழுதிய சிறு கட்டுரையில், நரம்புக்கலத்து இழைமுடிச்சுகளும் வெளிப்படிவுகளும் இருந்தன. கூடவே துணைக்கலங்கள் நார்களை மிகுதியாக உண்டாக்கியிருப்பதையும், பல துணைக்கலங்களில் கொழுப்புப் பைகள் இருப்பதையும் அவர் குறித்திருந்தார். முடிச்சும் படிவும் அவர் பெயரைச் சுமந்து உலகெங்கும் சென்றன. துணைக்கலத்தைப் பற்றிய வரிகளைப் பின்வந்தவர்கள் பொருட்படுத்தவில்லை.

ஆகவே துணைக்கலத்தில் புரதம் திரள்வது முதலில் உறுதிப்பட்டது முதியவர் மூளையில் அன்று, குழந்தை மூளையில். நியூசிலாந்துக்காரரான ஸ்டுவார்ட் அலெக்சாண்டர் 1949 இல் லண்டனிலிருந்து ஒரு குழந்தையின் பிரேத பரிசோதனையை வெளியிட்டார். ஒன்றரை வயதை எட்டாத அக்குழந்தையின் தலை பெருத்திருந்தது, வளர்ச்சி நின்றுபோயிருந்தது. மூளையின் வெண்பொருள் எங்கும், இரத்தக் குழாய்களைச் சூழ்ந்தும் மேற்பரப்பின் கீழும், நட்சத்திரக் கலங்களின் கிளைகளுக்குள் பளபளப்பான தடித்த நார்க்கட்டிகள் நிறைந்திருந்தன. அவ்வகைக் கட்டிகளை 1898 இலேயே வேர்னர் ரோசந்தால் வேறொரு நோயில் கண்டு விவரித்திருந்ததால் அவற்றுக்கு ரோசந்தால் நார்கள் என்று பெயர். நோய்க்கு அலெக்சாண்டரின் பெயர் வந்தது.

அந்த நார்கள் எதனால் ஆனவை என்ற கேள்விக்கு விடை வர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1971 இல் அமெரிக்காவில் லாரன்ஸ் எங் குழுவினர், வேறொரு நோயால் தழும்பேறிய மூளைப் பகுதிகளிலிருந்து நட்சத்திரக் கலத்துக்கே உரிய நார்ப்புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அதன் சுருக்கப்பெயர் ஜி.எஃப்.ஏ.பி. 1989 இல் ரோசந்தால் நாரில் அல்பா-பி கிரிஸ்டலின் என்ற காப்புப் புரதமும் நிறைய இருப்பது தெரிந்தது. பிறகு வந்த திருப்பம் தற்செயலானது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஆல்பி மெசிங், நட்சத்திரக் கலத்தின் வேலையை அறியும் நோக்கில் மனித ஜி.எஃப்.ஏ.பி. மரபணுவை மிகையாகக் கொண்ட எலிகளை உருவாக்கினார். அவை இளமையிலேயே இறந்தன. மூளையை வெட்டிப் பார்த்தால் உள்ளே ரோசந்தால் நார்கள். 1998 இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு, அலெக்சாண்டர் நோயாளிகளிடம் அதே மரபணுவைத் தேடத் தூண்டியது. 2001 இல் மைக்கல் பிரென்னர், மெசிங் ஆகியோரின் குழு பெரும்பாலான நோயாளிகளின் ஜி.எஃப்.ஏ.பி. மரபணுவில் பிறழ்வு இருப்பதை வெளியிட்டது. நரம்புக்கலம் நேரடியாகக் குற்றவாளியாக இல்லாமலே மூளை சிதையலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இன்றுவரை இல்லை. புரதம் பிறப்பதும் திரள்வதும் நட்சத்திரக் கலத்திலேயே. அந்தப் புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கும் மருந்தை மனிதரில் சோதிக்கும் முயற்சி 2021 இல் தொடங்கியது.

முதியோர் நோய்களின் வரலாறு வேறு வழியாகச் சென்றது. 1900 இல் பிரான்சில் டெஜெரீனும் தோமாவும், சிறுமூளையும் மூளைத்தண்டின் பொன்ஸ் பகுதியும் சுருங்கி நடை தள்ளாடும் ஒரு நோயை விவரித்தார்கள். 1960 இல் அமெரிக்காவில் ஷையும் டிரேகரும் எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் விழுந்து மயங்கும், சிறுநீர் அடங்காத நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில், பார்க்கின்சன் போலவே விறைத்து மெதுவாகும், ஆனால் மூளையில் புட்டேமன் என்ற ஆழ்பகுதி அழியும் நோயாளிகள் மூன்றாவது பெயரில் பதிவானார்கள். ஒரே நோயாளிக்கு நடைத்தள்ளாட்டமும் மயக்கமும் விறைப்பும் சேர்ந்து வருவதைக் கண்ட கிரகாமும் ஒப்பன்ஹைமரும் 1969 இல் மூன்றையும் பன்மண்டலச் சிதைவு என்ற ஒரே பெயரில் சேர்த்தார்கள். ஆயினும் அது ஊகமாகவே இருந்தது. ஒருவரில் சிறுமூளையின் நரம்புக்கலங்களும் இன்னொருவரில் புட்டேமனின் நரம்புக்கலங்களும் அழிகின்றன. அழிந்த இடத்தை மட்டும் பார்ப்பவருக்கு இவை ஒரே நோய் என்று எப்படித் தோன்றும்?

விடை 1989 இல் லண்டனில் கிடைத்தது. அதைக் கண்டவர்களுள் ஒருவரான பீட்டர் லாந்தோஷ் ஹங்கேரியின் மக்கோ நகரில் 1939 இல் பிறந்த யூதர். ஐந்து வயதில் பெற்றோருடன் பேர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு உயிர் தப்பியவர். பின்னாளில் லண்டன் மனநோயியல் கல்வி நிறுவகத்தில் நரம்பு நோயியற் பேராசிரியரானார். அவருடன் சேர்ந்து பணியாற்றிய மாத்யாஷ் பாப்பும் ஹங்கேரியர். இவர்கள் கையாண்ட வெள்ளிச் சாயமும் இன்னொரு ஹங்கேரியரான ஃபெரென்ஸ் கால்யாஷுடையது. வழக்கமான ஊதா-இளஞ்சிவப்புச் சாயத்தில் மங்கலாகவே தெரியும் புரத இழைகள் மீது கால்யாஷின் முறையில் வெள்ளித் துகள்கள் பற்றி வளர்கின்றன. சூழவுள்ள இழையம் வெளிறியே இருக்கும்.

பாப், லாந்தோஷ், அவர்களோடு பணியாற்றிய கான் ஆகிய மூவரும் பன்மண்டலச் சிதைவால் இறந்த 11 பேரின் மூளைத் துண்டுகளை அம்முறையில் சாயமிட்டுப் பார்த்தார்கள். நுணுக்குக்காட்டியில் நரம்பிழைகளுக்கிடையே வரிசைகட்டி நிற்கும் சின்னஞ்சிறு கலங்கள் பலவற்றில், கருவை ஒட்டிக் கரிய படிவு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சில அரிவாள் போல வளைந்திருந்தன. சில சுடர் வடிவில் நீண்டிருந்தன. சில கருவை ஒருபக்கம் தள்ளிவிட்டு முக்கோணமாக அமர்ந்திருந்தன. எல்லாம் ஒலிகோடென்ட்ரோசைட்கள். சிறுமூளை வகை, விறைப்பு வகை, மயக்க வகை என்று வைத்தியர்கள் பிரித்திருந்த மூன்றிலும் அதே படிவு. வேறு நோயால் இறந்தோரின் மூளையில் அது இல்லை. நரம்புக்கலங்கள் மூன்றாகக் காட்டியதை ஒலிகோடென்ட்ரோசைட்கள் ஒன்றாகக் காட்டின. அப்படிவுகள் இன்று பாப்-லாந்தோஷ் திரள்கள் எனப்படுகின்றன.

அத்திரள் எந்தப் புரதம் என்பது மேலும் ஒன்பது ஆண்டுகள் தெரியவில்லை. 1997 இல் இத்தாலியக் குடும்பமொன்றில் வந்த பார்க்கின்சன் நோய்க்கு அல்பா-சினியூக்ளின் மரபணுப் பிறழ்வு காரணம் என்று தெரிந்தது. அதே ஆண்டில் மரியா கிராசியா ஸ்பில்லன்தீனி, மிஷேல் கோடர்ட் குழுவினர் பார்க்கின்சன் மூளையின் நரம்புக்கலத் திரள்களும் அப்புரதத்தாலேயே ஆனவை என்று காட்டினார்கள். மறு ஆண்டில் இங்கிலாந்து, யப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளிலும் தனித்தனியே பாப்-லாந்தோஷ் திரள்களிலும் அதே புரதம் கண்டறியப்பட்டது. ஆகவே பார்க்கின்சனும் பன்மண்டலச் சிதைவும் ஒரே புரதத்தின் நோய்கள். ஒன்றில் அது நரம்புக்கலத்தில் திரள்கிறது, மற்றதில் துணைக்கலத்தில்.

இங்கே ஒரு முடிச்சு விழுந்தது. இன்னும் முழுமையாக அவிழவில்லை. வளர்ந்த ஒலிகோடென்ட்ரோசைட் அல்பா-சினியூக்ளினை மிகக் குறைவாகவே உற்பத்தி செய்கிறது. அப்படியானால் இவ்வளவு புரதம் எங்கிருந்து வந்தது? அயலிலுள்ள நரம்புக்கலம் வெளியிட்டதை அது உள்வாங்கியது என்பது ஒரு கருத்து. நோயுற்ற கலம் தானே உற்பத்தியைக் கூட்டியது என்பது மற்றொன்று. புரதம் திரள்வதற்கு முன்பே அக்கலம் குலைந்துவிடுகிறது என்பதற்கும் சான்று உண்டு. மயலின் உறையில் இருக்கவேண்டிய பி25-அல்பா என்ற புரதம் உறையை விட்டு நீங்கிக் கலத்தின் உடலுக்குள் வந்து சேர்கிறது, கலம் வீங்குகிறது, அதன் பின்பே அல்பா-சினியூக்ளின் திரள்கிறது என்று 2007 இல் வெளியான ஆய்வு கூறியது. 2018 இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா லீயின் குழு இன்னொரு படி சென்றது. ஒலிகோடென்ட்ரோசைட்டுக்குள் உருவாகும் திரள், நரம்புக்கலத்தில் உருவாகும் திரளைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலுவுடன் புதிய திரளைத் தூண்டுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். புரதம் ஒன்றுதான்; எந்தக் கலத்துக்குள் மடிந்தது என்பதைப் பொறுத்து அதன் வீரியம் மாறுகிறது. பார்க்கின்சன் நோயாளி பல ஆண்டுகள் வாழ்வதும், பன்மண்டலச் சிதைவுக்காரர் சராசரியாக 6 முதல் 10 ஆண்டுகளில் இறப்பதும் ஏன் என்பதற்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. 2015 இல் ஸ்டான்லி புரூசினர் என்ற ஆய்வாளர் இத்திரளைப் பிரியான், அதாவது தன் தவறான மடிப்பைப் பிற புரதங்களிலும் தூண்டிப் பரவும் புரதம், என்றே வகைப்படுத்தினார். ஆனால் ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு இந்நோய் தொற்றியதாக எந்த நிரூபணமும் இல்லை. அச்சொல்லைப் பத்திரிகைகள் எடுத்தாளும்போது இந்த வேறுபாடு காணாமற்போய்விடுகிறது.

முதியோர் நோய்களில் துணைக்கலத்தில் திரளும் இரண்டாவது புரதம் டௌ. 1975 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்ட இது, கலத்துக்குள் பொருள் கடத்தும் நுண்குழாய்களைத் தாங்கி நிற்பது. அல்சைமர் நோயின் முடிச்சு டௌவால் ஆனது என்பது 1980 களின் நடுப்பகுதியில் தெரிந்தது. துணைக்கல வரலாற்றில் டௌவின் கதை றொறொன்ரோவில் தொடங்குகிறது. அங்கே கிளிஃபர்ட் ரிச்சர்ட்சன் என்ற நரம்பியல் வைத்தியரிடம், பின்பக்கமாக விழும், கண்ணைக் கீழே இறக்க முடியாத நோயாளிகள் சிலர் வந்தார்கள். அவர்களுக்குப் படியிறங்குவது ஆபத்து. சாப்பாட்டுக் கோப்பையில் இருப்பதைப் பார்க்கத் தலையையே குனியவேண்டும், கழுத்தோ விறைத்திருக்கும். நோயியலாளர் ஓல்ஷெவ்ஸ்கியும், அப்போது பயிற்சி வைத்தியராக இருந்த ஜோன் ஸ்டீலும் அவர்களுடைய மூளைகளை ஆராய்ந்தார்கள். மூவரும் 1963 இல் அறிவித்து 1964 இல் கட்டுரையாக வெளியிட்ட இந்நோய் மேலணுக்கரு வாதம் என்று குறிக்கப்படுகிறது. அவர்கள் கண்டது நரம்புக்கலத்து முடிச்சு. துணைக்கலத்துப் படிவு அதே துண்டுகளில் அப்போதும் இருந்திருக்கவேண்டும்.

அதைக் காட்டியதும் கால்யாஷ் சாயமே. 1990 அளவில் பிரான்சிலும் யப்பானிலும், இந்நோயாளிகளின் நட்சத்திரக் கலங்களில் கருவை ஒட்டிய கிளைகள் டௌ நிறைந்து குஞ்சம் போல் விரிந்து நிற்பதைக் கண்டார்கள். 1995 இல் ஃபீனியும் டிக்சனும் நெருங்கிய உறவுடைய இன்னொரு நோயில் இதற்கு நேர்மாறான தோற்றத்தை விவரித்தார்கள். அங்கே டௌ கிளைகளின் நுனியில் மட்டும் திரள்கிறது. ஆகவே நுணுக்குக்காட்டியில் கரிய குச்சிகள் வட்டமாகச் சூழ்ந்திருக்க, நடுவில் வெறுமை தெரியும். இரண்டு நோயும் ஒரே வகை டௌவால் ஆனவை, நோயாளியைப் பார்க்கும் வைத்தியருக்கும் அவற்றைப் பிரிப்பது கடினம். ஆனால் குஞ்சமும் வட்டமும் ஒரே மூளையில் சேர்ந்திருப்பது மிக அரிது. நோயியலாளர் இன்று இவ்விரு நோய்களையும் பிரித்தறிய முதலில் நாடுவது நரம்புக்கலத்தை அன்று, நட்சத்திரக் கலத்தை.

ஜோன் ஸ்டீல் பின்னர் றொறொன்ரோவை விட்டுப் பசிபிக் தீவுகளுக்குப் போய், குவாம் தீவில் பல ஆண்டுகள் வைத்தியராக இருந்தார். அத்தீவின் பூர்வகுடியான சமோரோ மக்களிடையே ஒரு காலத்தில் தசை சிதைந்து இறப்பதும், பார்க்கின்சனும் மறதியும் சேர்ந்து வருவதும் உலக சராசரியைவிடப் பல மடங்கு மிகுந்திருந்தன. 1997 இல் ஓயானகி தலைமையிலான யப்பானியக் குழு அங்குள்ள மூளைகளின் நட்சத்திரக் கலங்களில் மங்கலான மணிமணியான டௌ படிவையும், ஒலிகோடென்ட்ரோசைட்களில் பிறை வடிவப் படிவையும் விவரித்தது. காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது உணவு. சைக்காஸ் மரத்து விதையை நாட்கணக்கில் நீரில் ஊறவைத்து நச்சகற்றி, இடித்து மாவாக்கி அவர்கள் உண்டார்கள். அந்தக் கருதுகோள் 1960 களில் எழுந்தது, பலமுறை கைவிடப்பட்டது, பலமுறை திரும்பவும் எடுக்கப்பட்டது. முடிவு இன்னும் எட்டப்படவில்லை. மேலைநாட்டு உணவும் வாழ்க்கையும் பரவிய பின் நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது.

யாழ்ப்பாணத் தீவகத்து வாசகருக்கு இதில் பழக்கமான ஒன்று தென்படும். பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து இடித்த ஒடியல் மாவையும் நீரில் ஊறவைத்துக் கயர்ப்பைப் போக்கியே கூழுக்கும் பிட்டுக்கும் எடுப்பது வழக்கம். 1971 இல் பேராதனையில் அர்சகுலரத்ன குழுவினர் எலிகளுக்குப் பனங்கிழங்கு மாவைக் கொடுத்து நச்சு விளைவுகளைப் பதிந்தார்கள். நரம்பைப் பாதிக்கும் கூறு பற்றிய ஆய்வுகளும் பின்னர் நடந்தன. ஆனால் ஒடியலுக்கும் மனித மூளைச்சிதைவு நோய்க்கும் தொடர்பு எதுவும் நிறுவப்படவில்லை. குவாமில் கண்டது போன்ற நோய்த்திரட்சி தீவகத்தில் பதிவானதும் இல்லை. குவாமைச் சான்றாக வைத்து ஒடியலைப் பழிப்பது பொருந்தாது.

நோயில்லாத முதியவரிடமும் துணைக்கலத்தில் டௌ திரள்கிறது என்பது கடைசியாகச் சேர்ந்த அத்தியாயம். முட்கள் நிறைந்தது போன்ற நட்சத்திரக் கலங்களை யப்பானிய ஆய்வாளர்கள் 1990 களில் விவரித்தார்கள். 2016 இல் காபோர் கோவாச் பல நாடுகளின் நோயியலாளர்களைச் சேர்த்து, முதுமையோடு வரும் இவ்வகைப் படிவுகளுக்கு ஒரு பொதுப்பெயரும் வகைபிரிப்பும் தந்தார். மூளை மேற்பரப்பின் கீழ், திரவ அறைகளின் சுவரை ஒட்டி, இரத்தக் குழாய்களைச் சூழ்ந்து, வெண்பொருளில், சாம்பல் பொருளில் என்று ஐந்து இடங்களை அவ்வகைப்பாடு பிரிக்கிறது. இவற்றால் மறதி கூடுகிறதா என்பது வாதத்துக்குரியது. பல மூளைகளில் அல்சைமர் படிவும் கூடவே இருப்பதால் எது எதன் விளைவு என்று பிரிப்பது கடினம். லென்ஹோஷேக், கால்யாஷ், பாப், லாந்தோஷ் வரிசையில் கோவாச்சும் ஹங்கேரியரே. 2019 முதல் அவர் பணியாற்றுவது ஸ்டீலும் ரிச்சர்ட்சனும் இருந்த அதே றொறொன்ரோவில்.

கேம்பிரிட்ஜின் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தில் கோடர்ட்டும் ஷோர்ஸ் ஷேரஸும் இத்திரள்களை உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் அணு அளவில் பார்த்தார்கள். பன்மண்டலச் சிதைவின் இழைகளை 2020 இலும், மேலணுக்கரு வாதத்தின் டௌ இழைகளை 2021 இலும் வெளியிட்டார்கள். ஒவ்வொரு நோயிலும் புரதம் தனக்கே உரிய வகையில் மடிந்திருந்தது. சாயம் காட்டிய குஞ்சமும் வட்டமும் வெவ்வேறு மடிப்புகளின் வெளித்தோற்றங்கள் என்று கருத இது இடந்தருகிறது.

இந்த வரலாறு முழுதும் இறந்தவர் மூளையிலேயே எழுதப்பட்டது. தெற்காசியாவில் அத்தகைய மூளைகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் முயற்சிக்கு முன்னோடி பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம். 1995 இல் எஸ். கே. சங்கர் அங்கே மனித மூளை இழையக் களஞ்சியத்தைத் தொடங்கினார். வீதி விபத்தில் இறந்தோரின் சட்ட பிரேத பரிசோதனையின்போது குடும்பத்தாரின் ஒப்புதலுடன் கிடைத்த மூளைகள் அதில் பெரும்பங்கு. இலங்கையில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்து ரணில் டி சில்வாவின் குழு, கொழும்புப் பகுதியில் இறந்த முதியோரின் மூளைகளைச் சங்கரின் குழுவோடு சேர்ந்து ஆராய்ந்து 2016 இல் முடிவுகளை வெளியிட்டது. அது முக்கியமாக அல்சைமர் மாற்றங்களையும் இரத்தக் குழாய்ப் பாதிப்பையும் பற்றியது.

வடக்கில் நிலைமை வேறு. சரவணையையும் நாரந்தனையையும் அயலாகக் கொண்ட தீவகத்துப் புளியங்கூடலில் ஒரு முதியவர் நடை தள்ளாடி, எழுந்தால் மயங்கி விழுகிறார் என்றால், அவரை முதலில் ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள்; பிறகு பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு. அங்கே பார்க்கின்சன் என்று எழுதி லெவோடோபா மாத்திரை கொடுக்கப்படலாம். பல பன்மண்டலச் சிதைவுக்காரர்களுக்கு அது போதிய பயன் தராது, அல்லது சில காலமே தரும். இறந்தால் ஓரிரு நாளில் தகனம். மூளையை நுணுக்குக்காட்டிக்கு ஆயத்தப்படுத்தவோ ஃபோர்மலினில் இரண்டு மூன்று வாரம் ஊறவேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை மரண காரணத்தை மட்டுமே தேடுகிறது. கால்யாஷ் சாயம் அதன் பகுதி அன்று. 1990 களின் இடப்பெயர்வுக்குப் பின் புளியங்கூடல் குடும்பங்கள் பல றொறொன்ரோவிலும் லண்டனிலும் பரிசிலும் வாழ்கின்றன. ஊரில் முதுமையடைந்த அண்ணனுக்கு இல்லாத வாய்ப்பு, மூளைக் களஞ்சியம் உள்ள நகரில் முதுமையடைந்த தம்பிக்கு உண்டு. அதைப் பயன்படுத்துவது குடும்பத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. தகனத்துக்கு முன் உடலை முழுமையாக வைத்திருக்க விரும்பும் வழக்கம் கடல் கடந்தும் போயிருக்கிறது.

உயிரோடிருக்கும்போது துணைக்கலப் படிவை நேரடியாகக் காட்டும் பரிசோதனை அன்றாட வைத்தியத்தில் இன்னும் இல்லை. பன்மண்டலச் சிதைவுக்கு 2022 இல் திருத்தப்பட்ட சர்வதேச வரையறையும், ஒலிகோடென்ட்ரோசைட் திரள்களைப் பிரேத பரிசோதனையில் கண்டால்தான் நோய் முற்றாக உறுதியானது என்கிறது. வாழும் நோயாளியில் வைத்தியர் சுற்றுவழியில் செல்லவேண்டும். எம்.ஆர்.ஐ. படத்தில் பொன்ஸ் பகுதியில் சிலுவைக்குறி தெரிவது ஓர் அடையாளம். நோய் முற்றிய பிறகே அது பெரும்பாலும் தெளிவாகும். இரவில் மூச்சு உள்ளிழுக்கும்போது எழும் கீச்சொலி இன்னொன்று. அதை வைத்தியரைவிட வீட்டார்தான் முதலில் கேட்பார்கள். சிறுநீர் முழுதும் வெளியேறாமல் தேங்குவதும் ஓர் அடையாளமே. மிக எளியதும் பெரும்பாலும் விடுபட்டுப்போவதும் இரத்த அழுத்த அளவீடு. நோயாளியைப் படுக்கவைத்து ஒருமுறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுமுறையும் அளந்து, மேலளவு 20 மி.மீ. அல்லது கீழளவு 10 மி.மீ. விழுந்தால், லெவோடோபா மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன் நரம்பியல் வைத்தியரிடம் அனுப்பவேண்டும்.